திரும்பத் தெரிந்தவரே விமானி

(காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பட்டு நெய்கிற ஊரில், கோயில்கள் சூழ்ந்த ஊரில், விமான விபத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. இங்கிருந்து வடக்கே போனால் அரக்கோணம்; அங்கே கடற்படையின் ராஜாளி தளத்தில் ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி நடக்கிறது. கிழக்கே போனால் தாம்பரம்; அங்கே விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. பறக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று விமானிகளுக்கே கற்றுக்கொடுக்கிற பள்ளி அது. பரந்தூர் விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கோ இந்த மாவட்டத்தில் டீக்கடைக்கு டீக்கடை நடக்கிறது. அந்த வழக்குக்குள் நான் இன்று போகப் போவதில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள், ஆண் பெண் இருவரும்தான், "நான் பைலட் ஆகணும்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நகையை அடகு வைத்தாவது, மனையை விற்றாவது படிக்க வைக்கிற பெற்றோரும் வந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவும், அந்தப் பெற்றோருக்காகவும்தான் இந்தப் பேச்சு.

இன்றைய கேள்வி இதுதான்: சிறிய பயிற்சி விமானங்கள் ஏன் விபத்துக்குள்ளாகின்றன?

பயமுறுத்த வரவில்லை. பயந்தவனால் பறக்க முடியாது. பயமே இல்லாதவனோ பறக்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

நம் மாநிலத்திலேயே நடந்த இரண்டு நிகழ்ச்சிகளோடு தொடங்குகிறேன். 2025 நவம்பர் 13. சேலத்தைச் சேர்ந்த ஒரு பயிற்சி நிறுவனத்தின் செஸ்னா 172 விமானம் நடுவானில் கோளாறாகி, புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலைக்குப் பக்கத்தில் திருச்சி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாலையில் விமானம்! உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். மறுநாளே, நவம்பர் 14, தாம்பரத்துப் பக்கம் திருப்போரூர் அருகே விமானப்படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் விழுந்தது. விமானம் போயிற்று. விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து, பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்.

அடுத்தடுத்த இரண்டு நாள்; இரண்டு விமானம்; ஓர் உயிரும் போகவில்லை. "அதிர்ஷ்டம்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தச் சாலையில் இறங்கியவர்கள், "எப்படியாவது விமான நிலையத்துக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று இழுத்துக்கொண்டே போயிருந்தால்? அந்த விமானப்படை வீரர், "இன்னும் ஒரு முறை முயன்று பார்ப்போமே" என்று இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தால்? இருவரும் செய்தது ஒன்றே. விட வேண்டியதை, விட வேண்டிய நேரத்தில் விட்டார்கள். பயணத்தை விட்டார் ஒருவர். விமானத்தையே விட்டார் இன்னொருவர்.

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான். பயிற்சி விமானம் பெரும்பாலும் இயந்திரம் கெட்டதால் மட்டும் விழுவதில்லை. விட வேண்டியதை விடாததால் விழுகிறது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாததால் விழுகிறது. எங்கெங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த விமானத்தைப் பாருங்கள். உலகம் முழுவதும் பயிற்சிப் பள்ளிகளில் பழகிய வண்டி செஸ்னா 152. இரண்டே இருக்கை. 110 குதிரைத்திறன் எஞ்சின். ஆளும் பெட்ரோலும் சேர்த்து மொத்த எடை 757 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆள் ஏறி உட்கார்ந்தால் நம் தெருவில் ஓடுகிற சின்னக் கார்கூட இதைவிடக் கனம். விமானப்படை விமானம்போல் பாய்ந்து வெளியேறுகிற இருக்கை இதில் கிடையாது. 1985-இல் இதன் தயாரிப்பே நின்றுவிட்டது. அப்படியானால் இன்று பறக்கிற ஒவ்வொரு செஸ்னா 152-க்கும் வயது நாற்பது, நாற்பதுக்கு மேல்! "ஐயோ, பழைய வண்டியா?" என்று பதறாதீர்கள். முறையாகப் பராமரித்தால் பழைய விமானம் நன்றாகவே பறக்கும். முறையாகப் பராமரிக்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

அடிக்கடி நடக்கிற விபத்து எது? தரையிறங்கும்போது நடப்பதுதான். ஓடுபாதைக்கு மேலே சில அடி உயரத்தில் விமானத்தின் மூக்கை மெல்ல நிமிர்த்தி, வேகத்தைக் கரைத்து, பின்சக்கரங்கள் முதலில் தொடும்படி இறக்க வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு இது உடனே வராது. வேகம் கொஞ்சம் அதிகமாக இருந்தால் விமானம் தொட்டு எம்பும். எம்பியதைப் பார்த்துப் பதறி மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் போய் மோதும், மறுபடி எம்பும், இன்னும் பலமாக மோதும். இரண்டாவது, மூன்றாவது குதிப்பில் முன்சக்கரம் ஒடியும். புரொப்பெல்லர் தரையைக் கொத்தும். பக்கவாட்டில் காற்று அடித்தால் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் போய் நிற்கும்.

இந்த விபத்துகளில் பெரும்பாலும் உயிர் போவதில்லை. ரிப்பேர் செலவும் அவமானமும்தான் மிச்சம். மருந்து என்ன? முதல் குதிப்பிலேயே முழு எஞ்சின் சக்தியைக் கொடுத்து, மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிவந்து புதிதாக இறங்குவது. கோ-அரவுண்ட் என்பார்கள். செலவு எவ்வளவு? சில நிமிடம்; கொஞ்சம் பெட்ரோல். அவ்வளவுதானே! பிறகு ஏன் செய்வதில்லை? "இன்ஸ்ட்ரக்டர் பார்க்கிறார், நண்பர்கள் பார்க்கிறார்கள், இறங்கியே காட்டிவிடுவோம்" என்கிற நினைப்புத்தான். விமானத்தைக் குதிக்க வைத்தது வேகம். ஒடிய வைத்தது கௌரவம்.

சரி, அடிக்கடி நடப்பது அது. உயிரைக் குடிப்பது எது? தரைக்குப் பக்கத்தில் விமானம் கட்டுப்பாட்டை இழப்பது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இறக்கையின் மேல் காற்று படிந்து ஓடுகிறவரைதான் இறக்கை விமானத்தைத் தூக்கும். எதிர்வரும் காற்றுக்கு இறக்கையை அளவுக்கு மீறிச் சாய்த்துக் காட்டினால், ஏறத்தாழ 15, 16 டிகிரியைத் தாண்டினால், காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். ஸ்டால் என்பது இதைத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். உயரத்தில் இது நடந்தால் ஆபத்தில்லை. பாடமாகவே இதைச் செய்து காட்டுவார்கள். மூக்கைக் கீழே தாழ்த்து, வேகம் பிடி, நிமிர், முடிந்தது. ஆனால் அதற்குச் சில நூறு அடி உயரம் செலவாகும். அந்தச் சில நூறு அடி கையில் இல்லாத இடத்தில் நடந்தால்?

எங்கே நடக்கும் தெரியுமா? ஓடுபாதையை நோக்கிக் கடைசியாகத் திரும்புகிற திருப்பத்தில். உயரம் ஐந்நூறு அடி இருக்கும், வேகம் குறைந்திருக்கும். பின்னாலிருந்து காற்று தள்ளியதால் மாணவர் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். என்ன செய்ய வேண்டும்? இந்தத் தரையிறக்கத்தை விட்டுவிட்டு மேலே போக வேண்டும். என்ன செய்கிறார்? திருப்பத்தை இறுக்குகிறார். விமானத்தைச் சாய்க்கிறார், காலால் ரட்டர் என்கிற சுக்கானை அழுத்துகிறார், மூக்கு கீழே போகிறதே என்று கையால் இழுக்கிறார். சாய்மானம் கூடக்கூட, விமானம் ஸ்டால் ஆகிற வேகமும் கூடும். 45 டிகிரி சாய்த்தால் ஏறத்தாழ 19 சதவீதம். 60 டிகிரி சாய்த்தால் ஏறத்தாழ 41 சதவீதம். அதுவரை போதுமாக இருந்த வேகம் இப்போது போதாது. ஒரு பக்க இறக்கை முதலில் கைவிடும். விமானம் அந்தப் பக்கம் புரண்டு சுழன்று விழும். கண்ணாடி முழுக்கத் தரை. அப்போது மனித இயல்பு என்ன சொல்லும்? "இழு, மேலே இழு" என்று சொல்லும். இழுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தாழ்த்த வேண்டிய இடத்தில் இழுக்கச் சொல்கிற இயல்பை வெல்வதற்குத்தான் பயிற்சி. ஆனால் ஐந்நூறு அடியில் பயிற்சியை நினைத்துப் பார்க்க நேரம் இருக்காது. தவறு சுழன்றபோது நடக்கவில்லை. கோட்டைத் தாண்டியும் விடாமல் திரும்பியபோதே நடந்துவிட்டது.

அடுத்தது, எழும்பியவுடன் எஞ்சின் நிற்பது. ஓடுபாதை பின்னால் போய்விட்டது. உயரம் முந்நூறு, நானூறு அடி. எஞ்சின் இருமி நிற்கிறது. அந்த நொடியில் மனம் எங்கே ஓடும்? பின்னால் இருக்கிற ஓடுபாதைக்குத்தான். "திரும்பிப் போய் இறங்கிவிடலாம்." கூடாது! திரும்பத் தெரிந்தவரே விமானி என்று தலைப்பு வைத்த நானே சொல்கிறேன், இந்த ஒரு இடத்தில் திரும்பாதே. நூற்றெண்பது டிகிரி திரும்பி, மறுபடி ஓடுபாதைக் கோட்டில் வந்து நிற்க அந்த உயரம் போதாது. பாதித் திருப்பத்தில் வேகம் தீரும். முன்பு சொன்ன ஸ்டால் வரும். நேரே முன்னால் பார். வயல் இருந்தால் வயல்; ஏரி உள்வாய் இருந்தால் ஏரி உள்வாய். சிறகுகள் மட்டமாக, கட்டுப்பாட்டோடு இறங்கினால் விமானம் நொறுங்கினாலும் ஆள் பிழைக்க வழியுண்டு. இங்கே விட வேண்டியது விமானத்தை. ஓடுபாதை மேலிருக்கிற ஆசையை.

எழும்பிய முதல் சில நிமிடங்கள் எவ்வளவு குறுகியவை என்பதற்கு அண்டை நாட்டைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 7 அன்று திருகோணமலை சீனக்குடாவில் இலங்கை விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று எழும்பிச் சில நிமிடங்களுக்குள் விழுந்தது. இருவர் இறந்தார்கள். ஆகவே அந்த நிமிடங்களில் என்ன செய்வது என்பதை அந்த நிமிடங்களில் யோசிக்க முடியாது. ஓடுபாதையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்: "இந்த உயரத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால் நேரே இறங்குவேன்."

எஞ்சின் ஏன் நிற்கிறது? எரிபொருள் தீர்ந்துபோவது ஒன்று. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நடக்கிறது. எரிபொருள் முள்ளை நம்பிப் புறப்படக் கூடாது. இறக்கை மேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுகோல் விட்டுப் பார்க்க வேண்டும். எரிபொருளில் தண்ணீர் கலப்பது இன்னொன்று. ராத்திரி டேங்க் பாதி காலியாக நின்றால் உள்ளே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். அதனால்தான் காலையில் பறப்பதற்கு முன் டேங்குக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். விமானப் பெட்ரோல் நீல நிறம். அடியில் நிறமில்லாத முத்து உருண்டால் அது தண்ணீர். முத்து நிற்கிறவரை பிடித்துக் கொட்ட வேண்டும்.

மூன்றாவது காரணம் உங்களை ஆச்சரியப்படுத்தும். பனிக்கட்டி! "நம்ம ஊரில் ஐஸா?" ஆமாம், நம் ஊரில்தான். இந்தச் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் கார்புரேட்டர் இருக்கிறது. அதன் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுத்து, பெட்ரோலும் ஆவியாகும்போது வெப்பநிலை இருபது டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். கடலோர ஈரக்காற்று, மார்கழிக் காலை, வெளியே 20, 22 டிகிரி என்று வையுங்கள். கார்புரேட்டருக்கு உள்ளே ஈரம் உறைந்து கழுத்தை அடைக்கும். எஞ்சின் சுற்று மெல்லக் குறையும். மாணவர் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளுவார், மறுபடி குறையும், மறுபடி தள்ளுவார். அதற்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது. அதை இழுத்தால் சூடான காற்று உள்ளே போகும். இழுத்தவுடன் என்ன நடக்கும்? உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போய் எஞ்சின் இன்னும் மோசமாக இருமும். சொல்லிக்கொடுக்கப்படாத மாணவர் பயந்துபோய்க் குமிழை உள்ளே தள்ளிவிடுவார். போயிற்று! இருமட்டும் என்று காத்திருந்தால், ஐஸ் கரைந்து எஞ்சின் சீராகும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்கு அந்த இருமல் நல்ல சகுனம். தெரியாதவனுக்கு அதுவே மரண பயம்.

வெயிலுக்கும் பங்கு உண்டு. சித்திரை, வைகாசியில் நம் காஞ்சியில் அடிக்கிற வெயில் உங்களுக்குத் தெரியும். சூட்டில் காற்று லேசாகிவிடும். இறக்கைக்குப் பிடிப்புக் குறையும், எஞ்சினுக்கு மூச்சுக் குறையும், ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டும், ஏறுவதும் மெதுவாகும். காலையில் சுலபமாக எழும்பிய அதே விமானம் மத்தியானம் தடுமாறும். விமானம் மாறவில்லை, காற்று மாறியிருக்கிறது.

இனி வானிலை. மேகத்துக்குள் போனால் என்ன ஆகும்? நம் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்திருக்கும், உடம்பு "நேராக இருக்கிறேன்" என்று சத்தியம் செய்யும். 1954-இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் பறக்க வைத்தார்கள். இருபது பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை; எல்லோரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எவ்வளவு நேரத்தில்? 178 வினாடியில். மூன்று நிமிடம்கூட முழுதாக இல்லை!

இரவும் பனிமூட்டமும் அப்படித்தான். 2023 ஜனவரி தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்து ரேவாவில், பனிமூட்டம் நிறைந்த ஓர் இரவில், பயிற்சி விமானம் ஒன்று கோயில் கோபுரத்திலும் மின்கம்பியிலும் மோதி விழுந்தது. ஓட்டிய மூத்த விமானி இறந்தார். மாணவர் காயத்தோடு பிழைத்தார். கோபுரம் நிறைந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: இறந்தவர் கற்றுக்குட்டி அல்ல, அனுபவசாலி. அனுபவம் பனியைக் கலைக்காது. பனி தெரிந்தால் அன்றைக்குப் பறக்காமல் இருப்பதே அனுபவம்.

தாழப் பறந்து வேடிக்கை காட்டுவது இன்னொரு காரணம். இதற்கு இந்தியா முழுவதும் அறிந்த உதாரணம் இருக்கிறது. 1980 ஜூன் 23. டெல்லி சஃப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து சஞ்சய் காந்தி புறப்பட்டார். டெல்லி ஃபிளையிங் கிளப்பின் பிட்ஸ் எஸ்-2ஏ. குட்டிக்கரணம் போடுவதற்கென்றே செய்த சின்ன விமானம். உடன் கேப்டன் சுபாஷ் சக்சேனா. வானில் வட்டமடித்துச் சாகசம் செய்யும்போது விமானம் கட்டுக்கடங்காமல் விழுந்தது, இருவரும் இறந்தார்கள். நாட்டின் அரசியலே திசைமாறியது. பிரதமரின் மகனாக இருந்தால் என்ன, நெசவாளியின் மகனாக இருந்தால் என்ன? தரைக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அதே சாகசத்தை மேலே செய்திருந்தால், தப்பு நடந்தாலும் திருத்திக்கொள்ள உயரம் மிஞ்சியிருக்கும். ஊர்க்காரர்களுக்கு வீட்டு மாடி மேலே பறந்து காட்ட ஆசைப்படுகிற இளைஞர்கள் இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வானம் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, அங்கே மோதிக்கொள்வார்களா? மோதிக்கொள்கிறார்கள். எங்கே? எல்லோரும் கூடுகிற இடத்தில், ஓடுபாதைக்குப் பக்கத்தில். 2025 ஜூலையில் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் இரண்டு மாணவர்கள் தனித்தனி விமானங்களில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தபோது நடுவானில் மோதி இருவருமே இறந்தார்கள். ஒருவர் நம் பக்கத்து மாநிலமான கேரளத்துப் பையன். ரேடியோவில் சொல்வதையும் கேட்பதையும் மட்டும் நம்ப முடியாது. கழுத்தைத் திருப்பிக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கை மேலே இருக்கிற விமானம் திரும்பும்போது அந்த இறக்கையே கண்ணை மறைக்கும். ஆகவே திரும்புமுன் இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதுவரை வானத்தில் நடந்ததைச் சொன்னேன். விபத்து தரையிலேயே தொடங்குவதும் உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற பெரிய புது விமானத்தைத் தேர்ந்த விமானி ஒருவர் ஓட்டிக் காட்டினார். நிறுத்தி வைத்திருக்கும்போது கட்டுப்பாட்டுப் பலகைகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். எழும்பியது; செங்குத்தாக நிமிர்ந்தது; விழுந்து எரிந்தது. திறமை போதாதா? போதாது, பட்டியல் வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இன்று விமானிகள் கையில் வைத்திருக்கும் செக்லிஸ்ட் அந்தச் சாம்பலிலிருந்து வந்தது.

செஸ்னாவில் இதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். இருக்கை தண்டவாளம் மாதிரியான ஒரு பட்டையில் முன்னும் பின்னும் நகரும். ஓட்டையில் ஊசி விழுந்து பிடித்துக்கொள்ளும். ஓட்டை தேய்ந்திருந்தாலோ, ஊசி சரியாக விழாவிட்டாலோ என்ன ஆகும்? மூக்கு நிமிர்ந்து எழும்புகிற நேரத்தில் இருக்கை சர்ரென்று பின்னால் வழுக்கும். பிடித்திருக்கிற கை, கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும். விமானம் இன்னும் நிமிரும், ஸ்டால் ஆகும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இதைத் தடுக்க என்ன வேண்டும்? புறப்படுமுன் இருக்கையை ஒரு முறை முன்னும் பின்னும் குலுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டே வினாடி!

இனி, எல்லாவற்றிலும் பெரிய காரணத்துக்கு வருகிறேன். அது எஞ்சினிலும் இல்லை, இறக்கையிலும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது.

பயிற்சி விமானத்தில் இரண்டு பேருக்கும் கட்டுப்பாடு உண்டு. யார் ஓட்டுகிறார்? மாணவர் நினைக்கிறார், சார் பிடித்திருக்கிறார் என்று. சார் நினைக்கிறார், பையன் பிடித்திருக்கிறான் என்று. யாரும் பிடிக்கவில்லை! அதனால்தான் கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி. "உன்னிடம் தருகிறேன்", "நான் வாங்கிக்கொண்டேன்", "சரி, நீதான் ஓட்டுகிறாய்" என்று மூன்று முறை.

இதைவிட நுட்பமானது ஒன்று. நம் ஊரில் குருவை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கிறோம். நல்ல பண்புதான். ஆனால் வானத்தில் குரு தப்பு செய்தால்? "சார், எரிபொருள் குறைகிறது", "சார், மேகம் நெருங்குகிறது" என்று சொல்ல மாணவனுக்கு வாய் வர வேண்டாமா? 1977 மார்ச் 27. டெனெரிஃப் தீவு. பனிமூட்டத்தில் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்குமுன் விமானத்தை ஓட்டிய கேப்டன் யார்? அவருடைய நிறுவனத்தில் விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கிற தலைமைப் பயிற்றுநர். "எதிரில் இருக்கிற விமானம் ஓடுபாதையை விட்டுப் போய்விட்டதா?" என்று உடன் இருந்த விமானப் பொறியாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார். கேப்டன் அழுத்தமாகப் பதில் சொன்னதும் அவர் அடங்கிவிட்டார். மரியாதை பேசவிடவில்லை. 583 பேர்! ஆகவே மாணவர்களே, காலைத் தொட்டுக் கும்பிட வேண்டுமானால் தரையில் கும்பிடுங்கள். வானத்தில் சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேளுங்கள்.

இவ்வளவு காரணம் சொன்னேன். இவை தனித்தனியாக வருவதில்லை. தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாவில் ஓர் இழை அறுந்தால், அறுந்த இடத்திலேயே பார்த்து முடிந்துவிட்டால் சேலைக்கு ஒன்றும் ஆகாது. "ஒரு இழைதானே" என்று நாடாவை ஓட்டிக்கொண்டே போனால், அந்த ஓட்டை முழம் முழமாக நீளும். பக்கத்து இழையையும் இழுக்கும். விமான விபத்தும் அப்படித்தான். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, இழை ஒன்று. தாமதமாகக் கிளம்பினோம், டேங்கைப் பார்க்கவில்லை, இழை இரண்டு. மேகம் தெரிந்தும் கிளம்பினோம், இழை மூன்று. எந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலும் விபத்து இல்லை. நீங்கள் முடிச்சுப் போட்டு நெய்யலாம், பிரித்தும் நெய்யலாம். விமானிக்கு அறுந்ததைப் பார்க்கிற நேரம் ஒன்றுதான் இருக்கிறது. பிரித்து நெய்ய முடியாது.

சரி, ஏன் நிறுத்துவதில்லை? எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் நிறுத்துவதில்லை? இங்கேதான் பெற்றோர்களே, உங்களிடம் வருகிறேன். வணிக விமானி உரிமம் வாங்க நம் நாட்டில் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பணம். மழை வந்தால் பறக்க முடியாது. விமானம் ரிப்பேர் என்றால் பறக்க முடியாது. மாதங்கள் ஓடும், வட்டி ஏறும். வீட்டிலிருந்து போன்: "இன்னைக்கு எத்தனை மணி நேரம்பா ஆச்சு?" பாசத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்வி பிள்ளையோடு விமானத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. "மேகம் கொஞ்சம்தானே, போய்விடலாம்" என்று காதில் சொல்கிறது. கடனும் ஒரு வானிலை. கண்ணுக்குத் தெரியாத வானிலை.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். விமானங்களை யார் பராமரிக்கிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை விமானம் ஓடுகிறது, எத்தனை பழுதாகி நிற்கிறது என்று ஷெட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு பயிற்றுநர் ஒரு நாளில் எத்தனை பேரோடு பறக்கிறார் என்று கேளுங்கள். ஒரு மாணவன் "இன்று வேண்டாம்" என்று சொன்னால் அங்கே திட்டுவார்களா, மெச்சுவார்களா என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். விபத்துகளை ஆராய 2012-இல் தனியாக விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு உருவாக்கப்பட்டது. அதன் அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சேரப்போகிற பள்ளியின் பெயர் அதில் இருக்கிறதா என்று பிள்ளையையே தேடிப் படிக்கச் சொல்லுங்கள். இடம் வாங்கினால் வில்லங்கச் சான்று பார்க்கிறோம். பிள்ளையைச் சேர்க்கிற இடத்துக்குப் பார்க்க வேண்டாமா?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சினிமாவில் விமானி என்றால் எதற்கும் அஞ்சாமல் புயலுக்குள் பாய்கிறவர். நிஜத்தில் நல்ல விமானியின் வாழ்க்கையைப் படமெடுத்தால் ஓடாது, ஒன்றுமே நடக்காது! குதித்தால் மேலே போவார்; மேகம் வந்தால் திரும்புவார்; சந்தேகம் வந்தால் புறப்படவே மாட்டார். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிப்பைத் தாங்குகிற மனசுதான் விமானிக்கு முதல் தகுதி.

பெற்றோர்களே, முடிக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் உங்கள் மகளோ மகனோ போன் செய்து, "அம்மா, இன்னைக்குப் பறக்கலை. காத்து சரியில்லைன்னு நானே வேணாம்னு சொல்லிட்டேன்" என்று சொல்லலாம். அன்றைக்கு எவ்வளவு பணம் வீணாயிற்று என்று கணக்குப் போடாதீர்கள். "நல்ல காரியம் பண்ணினே, நாளைக்குப் பாத்துக்கலாம், சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். எந்தப் பயிற்சிப் பள்ளியும் கற்றுத்தர முடியாத பாடம் அது. அதை வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொடுக்க முடியும். இந்தச் செவிலிமேட்டிலிருந்து ஒரு பிள்ளை விமானியாகப் புறப்பட்டால், அந்தப் பாடத்தோடு புறப்படட்டும்.